லேமினேட் தரையில் உப்பல்: காரணமும் பழுதும் தடுப்பும்

லேமினேட் தரையில் எங்கே மேடு தட்டினாலும் அதை உப்பல் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுவது வழக்கம். அந்தச் சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு கோளாறுகள் அடங்கியிருக்கின்றன. விரிய இடமில்லாமல் பல பலகைகள் சேர்ந்து அடித்தரையை விட்டுத் தூக்கிக்கொண்டு நிற்பது ஒன்று. தண்ணீர் குடித்த பலகையின் ஓரம் தடித்து, மூட்டு நெடுக வரப்புபோல் எழும்புவது இன்னொன்று. மரத்தின் படம் அச்சிட்ட மேல்தாள் உள்பலகையை விட்டுப் பிரிந்து கொப்புளமாக நிற்பது மூன்றாவது. முதல் கோளாறைப் பெரும்பாலும் ஒரு பலகையைக்கூட மாற்றாமல் தீர்த்துவிடலாம். இரண்டாவதில் தடித்துவிட்ட பலகையைக் காப்பாற்ற முடியாது. அதன் பக்கத்துப் பலகையைக் காப்பாற்றலாம். மூன்றாவதில் தற்காலிக ஒட்டுவேலைக்கு மட்டுமே இடமுண்டு.

வகை தெரியாமல் கை வைப்பதால்தான் சிறு பழுது பெரிதாகிறது. மேட்டின் மேல் ஆணியோ திருகாணியோ அடித்து அதை இறக்கப் பார்ப்பதும், தடித்த ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து மட்டமாக்குவதும் அடிக்கடி நடக்கும் தவறுகள். ஆணி அடித்தால், ஏற்கெனவே இடமில்லாமல் தவிக்கும் தரை இன்னும் இறுகி வேறோர் இடத்தில் எழும்பும். உப்புத்தாள் பட்டால் சில நிமிடங்களில் படம் அழிந்து உள்ளேயிருக்கும் பழுப்பு நிறம் தெரிந்துவிடும்.

பலகைக்குள் இருப்பது

'வுடன் ஃப்ளோரிங்' என்று பேச்சில் சொன்னாலும், லேமினேட் பலகையில் அறுத்த மரம் கிடையாது. மரநாரும் தாளும் பிசினும் சேர்ந்த அடுக்கு அது. வீடுகளில் பெரும்பாலும் 8 மி.மீ. கனமுள்ளதும், சில இடங்களில் 12 மி.மீ. கனமுள்ளதும் போடப்படுகின்றன. எல்லாவற்றுக்கும் மேலே மெலமின் பிசின் ஊறிய ஒளிபுகும் தாள். தேய்மானத்தைத் தாங்குவதற்காக அதில் அலுமினியம் ஆக்சைடு துகள்கள் கலந்திருக்கும். அதன் கீழே தேக்கோ ஓக்கோ அச்சிட்ட படத்தாள். இவை இரண்டும் சேர்ந்தும் அரை மி.மீ. வராது. கனம் முழுவதும் நடுவிலுள்ள ஹெச்.டி.எஃப். எனும் அடர்நார்ப் பலகையுடையது. பலகை ஒரு பக்கமாக வளையாமலிருக்க அடியில் ஒரு சமன்தாள் ஒட்டியிருக்கும்.

உப்பலின் கதை முழுவதும் நடுவிலுள்ள அந்த நார்ப்பலகையில்தான் இருக்கிறது. மரத்தை ஆவியில் வேகவைத்து, நாராக அரைத்து, பிசின் கலந்து, கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் தட்டையாக நசுக்கி அதைச் செய்கிறார்கள். நசுங்கிய நார்கள் பிசினின் பிடியில் அடங்கிக் கிடக்கின்றன. தண்ணீர் புகுந்தால் நார் உப்புகிறது, பிசினின் பிடி விடுகிறது, நசுங்கியிருந்தது நிமிர்ந்துகொள்கிறது. நனைந்த அவலைக் காயவைத்தாலும் அது பழைய தட்டை அவலாகாது, நார்ப்பலகையும் அப்படித்தான். ஈரம் போகும், தடிப்பு போகாது. மின்விசிறிக் காற்றிலும் வெயிலிலும் பல நாள் உலர்த்திய பிறகும் வரப்பு அப்படியே நிற்பதற்குக் காரணம் இதுவே.

நார்கள் படுத்தவாக்கில் அமைந்திருப்பதால் தண்ணீர் பட்டால் பலகை கனத்தில்தான் மிகுதியாக உப்பும். 8 மி.மீ. பலகையின் ஓரம் 12 சதவீதம் தடித்தால் ஏறக்குறைய 1 மி.மீ. மேடு, வெறுங்காலுக்கு அது உடனே தட்டுப்படும். நீளவாக்கிலும் அகலவாக்கிலும் விரிவு மிகக் குறைவு. காற்றின் ஈரப்பதம் மாறும்போது மீட்டருக்கு ஏறக்குறைய 1 மி.மீ. என்று கணக்கு வைக்கலாம். கனத்தில் நேரும் தடிப்பு நிரந்தரமானது. நீளத்தில் நேரும் விரிவு காற்று உலர்ந்ததும் திரும்பிவிடக்கூடியது. பழுதுபார்க்கும் முறைகள் இரண்டாகப் பிரிவது இந்த வேறுபாட்டினால்தான்.

இந்தப் பலகை 1977இல் ஸ்வீடனின் பெர்ஸ்டார்ப் நிறுவனத்தில் உருவாகி, பெர்கோ என்ற பெயரில் 1980களில் ஐரோப்பியச் சந்தைக்கு வந்தது. அப்போது ஒரு பலகையின் நாக்கை அடுத்ததன் காடியில் சொருகிப் பசையால் ஒட்டினார்கள். பசையில்லாமல் சொருகிப் பூட்டும் 'கிளிக் லாக்' அமைப்பு 1990களின் பின்பாதியில்தான் வந்தது. பழுதுபார்ப்பவருக்கு இந்த மாற்றம் பெரிய வரம். ஒட்டிய தரையில் ஒரு பலகைக்காகப் பலவற்றை உடைக்க வேண்டும். பூட்டிய தரையைச் சுவரோரத்திலிருந்து கழற்றிக்கொண்டே வந்து, பழுதை நீக்கி, மறுபடி பூட்டிவிடலாம். இரண்டு வகையும் அடித்தரையோடு ஒட்டாமல் மெல்லிய ஃபோம் விரிப்பின் மேல் மிதக்கின்றன. மிதப்பதால்தான் தரை நகரவும் விரியவும் முடிகிறது.

வகை கண்டறிதல்

பகலில் கண்ணில் படாத மேடும் இரவில் பட்டுவிடும். விளக்கை அணைத்து, டார்ச் லைட்டைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து ஒளியைப் பாய்ச்சினால் ஒவ்வொரு மேடும் நிழல் காட்டும். கொத்தனார் வைத்திருக்கும் மட்டப்பலகையைக் குறுக்கே வைத்துப் பார்த்தால் மேட்டின் அகலம் தெரியும். அந்த இடங்களைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ள வேண்டும்.

மேடு ஒரு முழத்துக்கு மேல் அகலமாக இருந்து, காலால் மிதித்தால் அமுங்கி, காலை எடுத்ததும் எழும்பினால் தரைக்கு இடம் போதவில்லை என்று பொருள். மேடு மூட்டுக் கோட்டை ஒட்டி மட்டும் இருந்து, மிதித்தாலும் அசையாமல் கெட்டியாக நின்றால் அது தண்ணீர். பலகையின் நடுவில் காசளவில் எழும்பி, நகத்தால் தட்டும்போது 'டொக் டொக்' என்று உள்ளீடற்ற ஒலி கேட்டால் மேல்தாள் பிரிந்திருக்கிறது. மேடே தெரியாமல், மிதிக்கும்போது மட்டும் தரை பள்ளமாக இறங்கினால் அது உப்பலே அல்ல. கீழேயுள்ள தரை மட்டமில்லாத குறை. இவற்றோடு இன்னொன்றையும் மறக்கக் கூடாது. மேட்டைத் தொட்டதும் மேல்தாள் பொருக்குபோல் நொறுங்கினாலோ, ஸ்கர்ட்டிங் ஓரத்தில் மண்கோடு தெரிந்தாலோ கரையான் புகுந்திருக்கிறது. அதற்குரிய மருந்துச் சிகிச்சை முடியாமல் தரையில் வேறு வேலை தொடங்குவது வீண்.

மேடு எங்கே இருக்கிறது என்பதும் பேசும். குளியலறைக் கதவருகே, பால்கனி வாசலில், ஃப்ரிட்ஜ் அடியில், ஏ.சி.யின் உள்பெட்டிக்கு நேர் கீழே என்றால் முதலில் தண்ணீரைச் சந்தேகிக்க வேண்டும். அறையின் நடுவில், அல்லது இரண்டு அறைகள் சேரும் வாசலில் என்றால் இடநெருக்கடியை. தரைத்தளத்து வீட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாக எல்லா மூட்டுகளும் தடித்தால் கீழிருந்து ஏறும் ஓதம்.

இடமில்லாமல் தூக்கிய தரை

இந்த வகை உப்பல் பார்க்கப் பயமாக இருக்கும். ஐப்பசி மழையில் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போனவர்கள் திரும்பி வந்து பார்க்கும்போது கூடத்தின் நடுவில் தரை கூரைபோல் எழும்பி நிற்கும். ஆனால் உயரம் பெரிதாகத் தெரிவதால் குறையும் பெரிதென்று கொள்ள வேண்டியதில்லை. இரு முனைகளும் அசைய முடியாமல் முட்டிக்கொண்ட நிலையில், ஒரு மீட்டர் அகலப் பலகை வரிசை வெறும் 1 மி.மீ. நீண்டாலே அதன் நடுப்பகுதி ஏறக்குறைய 2 செ.மீ. உயர்ந்துவிடும். இது வடிவக் கணிதத்தின் விளைவு. அந்த 1 மி.மீ. இடத்தைக் கொடுத்துவிட்டால் மேடு தானே படியும்.

எனவே மேடு இருக்கும் இடத்தில் வேலை கிடையாது. தரை எங்கே முட்டுகிறதோ அங்கேதான் வேலை. அறையின் நான்கு பக்கத்து ஸ்கர்ட்டிங்கையும் மெல்லிய பட்டைக் கடப்பாரையால், சுவர்ப் பூச்சு உடையாமலிருக்க ஒரு துண்டுப் பலகையை அணைவாக வைத்து, நெம்பி எடுக்க வேண்டும். பலகைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பென்சில் தாராளமாகப் புகுந்து நகர வேண்டும். எங்கே தடைபடுகிறதோ அந்த இடம் குற்றவாளி. இடைவெளி விட்டிருந்தாலும், அதைப் பின்னால் வந்த பெயின்டர் பட்டி வைத்தோ வெள்ளைச் சிமென்ட் வைத்தோ அழகாக அடைத்திருப்பது உண்டு. கல் வாசற்படியிலும் கதவு நிலையிலும் பலகையை ஒட்டி அறுத்திருப்பார்கள். கதவு சுவரில் மோதாமலிருக்கப் பொருத்தும் 'டோர் ஸ்டாப்பரை' லேமினேட்டைத் துளைத்துக் கீழேயுள்ள கான்கிரீட்டில் முடுக்கியிருப்பார்கள். அந்த ஒரே திருகாணி முழு அறையையும் கட்டிப்போடும். தரை போட்டு முடித்த பிறகு அதன் மேலேயே ஆறடி, ஏழடி அலமாரியைக் கட்டி எழுப்புவதும் அதே விளைவைத் தரும்.

முட்டும் இடம் தெரிந்ததும் சுவரிலிருந்து 10 முதல் 12 மி.மீ. தள்ளிக் கோடு போட்டு, அதிர்வு அலகுள்ள மல்டிடூலால் அந்தப் பட்டையை அறுத்தெடுக்க வேண்டும். அலகு பலகையின் கனத்துக்கு மேல் இறங்கக் கூடாது. இறங்கினால் அடியிலுள்ள பாலித்தீன் தாள் கிழிந்து ஓதத்துக்கு வழி திறந்துவிடும். அடுக்ககங்களில் மின்கம்பிக் குழாய் தரைக்குள்ளேயே ஓடுவதும் உண்டு என்பதால் ஆழத்தில் கவனம் வேண்டும். அறுக்கும்போது பறக்கும் தூளில் நாரும் பிசினும் கலந்திருக்கும்; முகக்கவசமும் கண்ணாடியும் இல்லாமல் இந்த வேலை செய்யக் கூடாது. அறுத்து முடித்ததும் இடைவெளிக்குள் விழுந்த தூளை வேக்குவம் கிளீனரால் உறிஞ்சிவிட வேண்டும். இறுகிய தூளும் ஓர் அடைப்புதான்.

கதவு நிலையில் பலகையை அறுப்பதைவிட, நிலையின் அடியைப் பலகை நுழையும் உயரத்துக்கு அறுத்துவிடுவது நல்லது. அப்போது பலகை நிலைக்கு அடியில் ஒளிந்து நகரும், இடைவெளியும் தெரியாது. அலமாரியை நகர்த்த முடியாவிட்டால் அதன் அடிக்கட்டையைச் சுற்றிப் பலகையை அறுத்துப் பிரித்து, அந்தக் கோட்டைப் பீடிங்கால் மூடலாம். கூடமும் படுக்கையறைகளும் இடைவிடாமல் ஒரே தரையாக ஓடினால், வாசல்களில் அறுத்து 'டி' வடிவப் பட்டை வைக்க வேண்டும். இடையில் பட்டையே இல்லாமல் 8 முதல் 10 மீட்டருக்கு மேல் தரையை ஓடவிடுவது சரியல்ல என்பது தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்லும் வரம்பு. தரை ஒரே நீளமாகத் தெரிவது அழகு என்று சொல்லி இந்தப் பட்டையை வேண்டாமென்பவர்கள் பலர். அந்த அழகு முதல் மழைக்காலம் வரைதான்.

இடம் கொடுத்த உடனே மேடு இறங்காவிட்டால் பதற வேண்டாம். தரை சில மணி நேரத்திலோ சில நாளிலோ மெல்ல நகர்ந்து படியும். மேட்டின் மேல் ஓர் அரிசி மூட்டையை வைத்து உதவலாம். குதித்து மிதிக்கக் கூடாது, பூட்டின் உதடு உடைந்துவிடும். ஒரு வாரம் கழித்தும் மேடு நின்றால் இன்னும் எங்கோ ஓரிடம் பிடித்திருக்கிறது, அல்லது ஒரு பூட்டு விட்டிருக்கிறது. தரை படிந்த பிறகே ஸ்கர்ட்டிங்கைத் திரும்பப் பொருத்த வேண்டும். அதன் ஆணியும் பசையும் சுவரைத்தான் பிடிக்க வேண்டும், பலகையை அல்ல.

தண்ணீர் குடித்த தரை

லேமினேட்டின் முகத்தில் தண்ணீர் இறங்காது. மெலமின் பூச்சு அதற்கு இடம் தராது. மூட்டு வழியாகவும், அறுபட்ட ஓரம் வழியாகவும், அடியிலிருந்தும்தான் இறங்கும். ஆகவே தண்ணீர் எங்கே கொட்டியது என்பதைவிட எவ்வளவு நேரம் நின்றது என்பதே முக்கியம். குழந்தை கவிழ்த்த டம்ளர் தண்ணீரை உடனே துடைத்தால் ஒன்றும் ஆகாது. யாருக்கும் தெரியாமல் பல நாள் சொட்டும் தண்ணீர்தான் தரையை அழிக்கிறது. ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுக்குழாய், ஏ.சி.யின் அடைபட்ட வடிகுழாய், ஃப்ரிட்ஜின் பின்தட்டு, பக்கத்துக் குளியலறையில் டைல்ஸ் இணைப்பு விட்டுப்போன மூலை, காற்றோடு அடிக்கும் மழையில் பால்கனிக் கதவின் அடித்தண்டவாளம் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஊற்றை அடைக்காமல் பலகையை மாற்றினால் புதுப் பலகையும் அதே வழியில் போகும்.

தண்ணீர் கொட்டியது தெரிந்தால் முதல் சில மணி நேரம் விலைமதிப்பற்றது. மேலே துடைத்ததோடு நிறுத்தக் கூடாது. அந்தப் பக்கத்து ஸ்கர்ட்டிங்கை எடுத்து, சுவரோரத்திலிருந்து வரிசை வரிசையாகப் பலகைகளைக் கழற்ற வேண்டும். நீளப்பக்கத்தை 30 பாகை அளவுக்குச் சாய்த்துத் தூக்கினால் பெரும்பாலான பூட்டுகள் விடும். ஒவ்வொன்றின் அடியிலும் சாக்பீஸால் எண் போட்டுக்கொண்டால் திரும்பப் பூட்டும்போது வரிசை குழம்பாது. கழற்றியதை வெயிலில் சாய்த்து வைப்பது தவறு, வளைந்துவிடும். நிழலில் தட்டையாக, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரே கனமுள்ள சிறு குச்சிகளை வைத்து அடுக்கி, விசிறிக் காற்றில் உலர்த்த வேண்டும். தண்ணீர் ஊறிய ஃபோமை வைத்துக்கொள்ளக் கூடாது. அது விலை மலிவு. உள்ளே தங்கிய ஈரமோ பூஞ்சணத்துக்கும் நாற்றத்துக்கும் வித்து.

காய்ந்த பிறகு ஒவ்வொரு பலகையையும் நனையாத ஒன்றோடு ஓரம் சேர்த்து வைத்து, விரலால் தடவிப் பார்க்க வேண்டும். விரல் தட்டாமல் வழுக்கினால் மறுபடி போடலாம். தட்டினால் ஒதுக்கிவிட வேண்டும். 'கொஞ்சம்தானே' என்று போட்ட தடித்த பலகை பூட்டில் முழுமையாக உட்காராது. அந்த மெல்லிய திறப்பு வழியே அடுத்த முறை மாப் தண்ணீர் பக்கத்துப் பலகைக்குப் போகும்.

கீழிருந்து ஏறும் ஓதத்துக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. பலகையும் ஃபோமும் எடுத்த அடித்தரையைத் துடைத்து, 45 செ.மீ. சதுரமுள்ள கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளை விரித்து, நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, ஒரு முழுநாள் விட வேண்டும். தாளின் அடியில் நீர்முத்துகள் கோத்திருந்தாலோ, சிமென்ட் தரை கறுத்திருந்தாலோ ஓதம் உண்டு. பழைய டைல்ஸ் மேல் சோதிப்பதானால் இணைப்புக் கோடுகள் தாளுக்குள் வருமாறு ஒட்ட வேண்டும்; ஈரம் டைல்ஸைவிட அதன் இணைப்பில்தான் ஏறுகிறது. சோதனையில் ஈரம் தெரிந்தால் தீர்ப்பு உறுதி. தெரியாவிட்டால் முழு நிம்மதி இல்லை: சித்திரையில் காய்ந்திருக்கும் தரைத்தளம் கார்த்திகையில் கசியக்கூடும். ஓதம் உறுதியான இடத்தில் தரை முழுவதையும் எடுத்து, நீர்க்காப்பு வேலை செய்த பிறகே மேலே பேசலாம். சில பலகைகளை மட்டும் மாற்றுவது பணத்தை ஈரத்தில் போடுவதாகும்.

ஒரு பலகையை மட்டும் மாற்றுதல்

பழுதான பலகை சுவரிலிருந்து நான்கைந்து வரிசைக்குள் இருந்தால், மேலே சொன்னபடி கழற்றி வந்து மாற்றுவதே நேர்த்தி. அறையின் நடுவில் இருந்து, அலமாரியும் கட்டிலும் வழியை மறித்தால் இருந்த இடத்திலேயே அறுத்து எடுக்க வேண்டும். இதற்குப் பொறுமையும் கூர்மையான அலகும் வேண்டும். பழக்கமில்லாத கைக்கு முதல் முறை அரைநாள் வேலை.

பழுதான பலகையின் நான்கு ஓரங்களிலிருந்தும் 3 முதல் 4 செ.மீ. உள்ளே தள்ளி ஒரு செவ்வகம் வரைய வேண்டும். அதன் நான்கு மூலைகளிலிருந்தும் பலகையின் நான்கு மூலைகளுக்குச் சாய்கோடு இழுக்க வேண்டும். செவ்வக மூலைகளில் 10 மி.மீ. துளை போட்டுக்கொண்டால் வெட்டு எங்கே நிற்க வேண்டுமென்று தெரியும். வட்ட ரம்பத்தின் ஆழத்தைப் பலகையின் கனத்துக்குச் சரியாக அமைத்து, செவ்வகத்தை அறுத்து நடுத்துண்டைத் தூக்கிவிட வேண்டும். பிறகு சாய்கோடுகளை அறுக்க வேண்டும். கடைசி ஒரு செ.மீ.க்கு ரம்பம் போகாமல் உளியால் தட்டி முடிப்பது பக்கத்துப் பலகையைக் காப்பாற்றும். மிஞ்சிய நான்கு பட்டைகளையும் உள்நோக்கி இழுத்துச் சாய்த்தால் பூட்டிலிருந்து கழன்று வரும். சுற்றியுள்ள பலகைகளின் நாக்கிலும் காடியிலும் ஒட்டிய தூளைப் பழைய பல் தேய்க்கும் பிரஷால் துடைக்க வேண்டும்.

புதுப் பலகையை அப்படியே மேலிருந்து இறக்க முடியாது. அதன் காடியின் கீழ் உதடு தடுக்கும். நீளப்பக்கத்திலும் குறுக்குப்பக்கத்திலும் அந்தக் கீழ் உதட்டைக் கட்டரால் பலமுறை கீறி ஒடித்து எடுக்க வேண்டும். நாக்குள்ள பக்கத்தைப் பக்கத்துக் காடியில் சாய்வாக நுழைத்து, மற்ற பக்கங்களை இறக்கிப் பார்க்க வேண்டும். குறுக்குப்பக்க நாக்கு இடித்தால் அதையும் சீவலாம். பசையில்லாமல் ஒருமுறை பொருத்திப் பார்ப்பது கட்டாயம். பசை தடவிய பிறகு திருத்த நேரமிருக்காது. சரியாக உட்கார்ந்தால், பூட்டிழந்த பக்கங்களுக்கு ஃபெவிகால் மரைன் போன்ற, தண்ணீரைத் தாங்கும் மரப்பசையை மெல்லிய கோடாக இட்டு, பலகையை இறக்கி, வழிந்த பசையை ஈரத்துணியால் உடனே துடைத்து, மேலே பாலித்தீன் விரித்து, ஒரு நாள் முழுதும் பாரம் வைக்க வேண்டும். பசை பக்கத்துப் பலகையோடு மட்டுமே ஒட்ட வேண்டும். அடித்தரையில் சிந்தி ஒட்டிக்கொண்டால் மிதவைத் தரைக்கு மறுபடியும் ஓர் ஆணி அடித்ததுபோலாகும்.

பலகையின் முகத்தில் கொப்புளம்

மேல்தாள் பிரிவதற்கு ஸ்டீம் மாப் ஒரு முக்கியக் காரணம்: சூடான ஆவி மூட்டில் புகுந்து உள்ளிருந்து தாளைத் தூக்கும். தொழிற்சாலையிலேயே ஒட்டு சரியாகப் பிடிக்காத பலகையும் எப்போதாவது வரும்; போடும் முன்பே ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அதைப் பிடித்துவிடலாம். காசளவு கொப்புளமானால், மரக்கோடு ஓடும் திசையில் மெல்லிய ஊசியால் ஒரு துளையிட்டு, சிரிஞ்சில் மரப்பசையைச் செலுத்தி, விரலால் அழுத்திப் பரப்பி, வழிந்ததைத் துடைத்து, பாலித்தீன் வைத்து ஒரு நாள் பாரம் ஏற்றலாம். துளையை அதே நிற மெழுகுக்குச்சியால் அடைக்க வேண்டும். சிலர் இஸ்திரிப் பெட்டியை வைத்துத் தேய்ப்பார்கள். மெலமின் ஒருமுறை இறுகினால் சூட்டில் மறுபடி இளகாத பிசின். இஸ்திரிச் சூடு உள்ளேயிருக்கும் ஈரத்தை ஆவியாக்கிக் கொப்புளத்தை வளர்க்கவே செய்யும். உள்ளங்கைக்கு மேல் பெரிய கொப்புளத்துக்குப் பசை வேலை நிற்காது. பலகையை மாற்றுவதே முறை.

போடும்போதே தடுப்பது

உப்பிய தரைகளில் பெரும்பாலானவற்றின் வரலாறு போட்ட நாளிலேயே தொடங்குகிறது. புதுவீட்டில் அவசரம் பெரிய பகை. கிரகப்பிரவேசத்துக்குத் தேதி குறித்துவிட்டு, நேற்றுப் போட்ட சிமென்ட் தரையின் மேல் இன்று பலகை விரிப்பார்கள். சிமென்ட் பூச்சு மேலே வெளுத்துக் காய்ந்ததாகத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். முதல் 4 செ.மீ. கனத்துக்குச் செ.மீ.க்கு ஒரு வாரம், அதற்கு மேல் ஒவ்வொரு செ.மீ.க்கும் இரண்டு வாரம் என்பது பழைய கணக்கு. அதுவும் காற்றோட்டமுள்ள, மழையில்லாத நாட்களுக்குரியது.

அடித்தரை மட்டம் 2 மீட்டருக்கு 3 மி.மீ.க்கு மேல் ஏறி இறங்கக் கூடாது. பள்ளமுள்ள இடத்தில் இரண்டு ஃபோம் விரித்துச் சமாளிப்பது பலருக்குக் கைவந்த வழி. அது மூட்டைத் தினமும் ஆட்டி ஆட்டி விலக்கிவிடும். பள்ளத்தைத் தானே மட்டமாகும் சிமென்ட் கலவையால் நிரப்புவதே சரி. சிமென்ட், மொசைக், டைல்ஸ், மார்பிள் எதுவானாலும், ஃபோமுக்கு அடியில் 0.2 மி.மீ. கனமுள்ள பாலித்தீன் தாள் வேண்டும். தாளும் தாளும் 20 செ.மீ. ஒன்றின் மேல் ஒன்று ஏறி, டேப் ஒட்டி, ஓரத்தில் ஸ்கர்ட்டிங் உயரத்துக்குச் சுவரில் ஏற வேண்டும். மொத்தச் செலவில் இதன் பங்கு மிகச் சிறியது. விட்டுப்போனால் வரும் இழப்பு முழுத் தரை.

பலகைப் பெட்டிகளைப் பிரிக்காமல், போடப்போகும் அறையிலேயே, தட்டையாக 48 மணி நேரம் வைக்க வேண்டும். அந்த இரண்டு நாளும் அறை வழக்கம்போல் புழங்க வேண்டும், இரவில் ஏ.சி. ஓடும் அறையானால் அதுவும் ஓட வேண்டும். தயாரிப்பாளர்கள் கேட்கும் 40 முதல் 60 சதவீத ஈரப்பதத்தைச் சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களின் வெளிக்காற்று ஆண்டின் பெரும்பகுதியில் தாண்டிவிடுகிறது. உள்மாவட்டங்களில் கோடையில் காய்ந்து சுருங்கிய பலகையைச் சுவரை ஒட்டிப் போட்டால் வடகிழக்குப் பருவமழையில் அது விரிந்தே தீரும். 5 மீட்டர் அகல அறையில் 5 மி.மீ. வரை விரிவு வரலாம். தரை எந்தப் பக்கம் நகருமென்று சொல்ல முடியாததால் இரண்டு பக்கமும் அந்த முழு அளவைத் தாங்க வேண்டும். அதனால்தான் சுவரோரத்தில் 10 முதல் 12 மி.மீ. கேட்கப்படுகிறது. பலகைத் துண்டுகளை ஆப்பாக வைத்து அந்த இடைவெளியைக் காத்து, வேலை முடிந்ததும் ஒன்று விடாமல் ஆப்புகளை எடுத்துவிட வேண்டும். மறந்து உள்ளே விட்ட ஓர் ஆப்பும் உப்பலுக்குப் போதும்.

குளியலறை, சமையலறை, துணி துவைக்கும் இடம் ஆகியவற்றில் லேமினேட் போடாமலிருப்பதே நல்லது. 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்று விற்கும் பலகைகள் மூட்டின் மேல் நிற்கும் தண்ணீரைக் குறிப்பிட்ட மணி நேரம் தாங்குமே தவிர, கீழிருந்து வரும் ஈரத்துக்கு அவையும் நார்ப்பலகைதான். ஓதமுள்ள தரைத்தளத்துக்கு டைல்ஸோ, கல்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த எஸ்.பி.சி. பலகையோ பொருந்தும். எஸ்.பி.சி. தண்ணீரில் உப்பாது, ஆனால் மேற்கு வெயில் நேராக விழும் ஜன்னலோரத்தில் சூட்டால் விரியும், அதற்கும் இடைவெளி வேண்டும்.

புழக்கத்தில் தடுப்பது

வெள்ளிக்கிழமைதோறும், பொங்கலுக்கும் போகிக்கும் தவறாமல், வாளித் தண்ணீரை ஊற்றி வீட்டைக் கழுவித் தள்ளும் வழக்கம் சிமென்ட் தரைக்கும் மொசைக்குக்கும் பிறந்தது. லேமினேட் தரையில் அதை விட்டுவிட வேண்டும். பெருக்கிய பிறகு, நன்றாகப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தால் போதும். துடைத்த ஈரம் ஓரிரு நிமிடங்களில் தானே மறைய வேண்டும். மறையவில்லையென்றால் துணியைப் பிழிந்தது போதாது. வேலைக்கு வரும் அம்மாவுக்கு இதைச் சொல்லாமல் விட்டுவிட்டு, உப்பிய பிறகு அவரைக் குறை சொல்வது நியாயமில்லை. வந்த முதல் நாளே செய்து காட்டுவது வீட்டாரின் பொறுப்பு.

குளியலறை வாசலில் தண்ணீரை உறிஞ்சும் மிதியடி போட்டு, அது நனைந்தால் அன்றன்றே மாற்ற வேண்டும்; ஈர மிதியடி நாள்முழுதும் கிடந்தால் அதுவே ஊற்றாகும். பூஜையறைக் குடமும் பூந்தொட்டியும் தட்டின் மேல் இருக்கட்டும். மழைக்காலத்தில் நெடுநாள் வீட்டைப் பூட்டுவதானால், பக்கத்து வீட்டில் சாவி கொடுத்து வாரம் ஒருமுறை மின்விசிறி போட்டுக் காற்றாடச் செய்வது பெரிய காப்பு. மழைக்காலம் தொடங்குவதற்கு முன் ஏ.சி. வடிகுழாயைத் தண்ணீர் விட்டுச் சோதிக்க வேண்டும்.

தரை போட்டதில் மிஞ்சும் பலகைகளைத் தச்சரிடம் கொடுத்துவிடக் கூடாது. வாங்கும்போதே தேவைக்கு மேல் 5 முதல் 10 சதவீதம் கூட்டி வாங்கி, ஒரு பெட்டியைப் பிரிக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். அதே படமும் அதே பூட்டும் சில ஆண்டுகளுக்குப் பிறகு கடையில் கிடைப்பதில்லை. பூட்டு மாறினால் பலகை பொருந்தவே பொருந்தாது. பெட்டி மேலுள்ள தயாரிப்பு எண் ஒட்டுத்தாளைப் படமெடுத்து ரசீதோடு வைக்க வேண்டும். அந்தப் பெட்டியைக் குளியலறைக்கு மேலுள்ள பரணில் போடக் கூடாது. கட்டிலுக்கடியில், தட்டையாக, அந்தத் தரையின் மேலேயே வைத்தால், தரை காணும் ஈரமும் சூடும் அதற்கும் கிடைத்து, மாற்றும் நாளில் பக்கத்துப் பலகையோடு அளவு ஒத்துப்போகும்.